முதல் வகுப்புக்கு முன்

கோயில் தெருவிலுள்ள திருமண மண்டபத்தின் வாயிலிலோ, குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் சுவரிலோ, 'யோகாசன வகுப்பு, காலை 6 மணி முதல் 7 மணி வரை' என்ற பலகை தொங்காத ஊர் இன்று அரிது. காலைத் தரிசனத்துக்கும் மாலைப் பிரதோஷத்துக்கும் செல்லும்போதெல்லாம் அதைப் படித்துக்கொண்டே, 'அடுத்த மாதம் சேரலாம்' என்று ஆண்டுகளைக் கடத்தியவர்கள் பலர். தை பிறக்கட்டும் என்பர். பேத்தியின் தேர்வு முடியட்டும் என்பர். கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பது கூச்சம். குனிந்தால் கை முழங்காலைத் தாண்டுவதில்லை, இந்த உடம்பை வைத்துக்கொண்டு நாலு பேர் நடுவில் எப்படிப் போய் நிற்பது? சற்று வளைந்து கொடுக்கப் பழகிக்கொண்டு பிறகு சேரலாம் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு, கைப்பேசிக் காணொளியைப் பார்த்துத் தாமே முயல்பவர்களும் உண்டு. தேவாரம் முழுதும் மனப்பாடமான பிறகுதான் ஓதுவாரிடம் பாடம் கேட்கப் போவேன் என்பதைப் போன்றது இது.

தில்லையில் ஆனந்தத் தாண்டவத்தைக் கண்டு களித்தவர்களாகப் போற்றப்படும் இருவர் பதஞ்சலியும் வியாக்கிரபாதரும். இடுப்புக்கு மேல் மனித உருவும் கீழே பாம்புடலுமாகக் கைகூப்பி நிற்கும் பதஞ்சலியைத் தமிழகக் கோயில்கள் பலவற்றில் காணலாம். ஆதிசேடனின் அவதாரமான அவரே யோக சூத்திரம் அருளியவர் என்பது மரபு. அந்நூலில் உள்ள சூத்திரங்கள் 195. சில பதிப்புகளில் 196. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் அமையவேண்டும், வலிந்து செய்யும் முயற்சி தளர்ந்து மனம் எல்லையற்றதில் தோயும்போது அது கைகூடும், கைகூடியவரை வெப்பம், குளிர் போன்ற இரட்டைகள் வருத்துவதில்லை என்ற அளவோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். காலைத் தூக்கிக் கழுத்தின் பின் வைப்பது பற்றி அங்கே ஒரு சொல்லும் கிடையாது.

எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகவே வருகிறது. அதற்கு முன்னே இயமமும் நியமமும் நிற்கின்றன. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலும் வரிசை இதுவே. பதஞ்சலி கூறும் இயமங்கள் ஐந்தினுள் முதலாவது அஹிம்சை, அடுத்தது சத்தியம். இவற்றைப் பிறரிடம் நடந்துகொள்ளும் முறையாக மட்டுமே எண்ணிப் பழகியிருக்கிறோம். அறுபது வயதில் முதன்முறையாகப் பாய் விரிப்பவருக்கோ இவ்விரண்டும் தம் உடம்பைப் பற்றியவையாகவே முதலில் வந்து நிற்கின்றன. ஆசிரியர் அன்று காலை நீட்டும் ஒற்றைத் தாள் படிவத்திலேயே அவை தொடங்கிவிடுகின்றன.

பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண். அதற்குக் கீழே, 'உடல்நலக் குறைபாடுகள் ஏதேனும் உண்டா?' என்று ஒரு வரி. அவ்விடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையொப்பமிடுவோர் ஏராளம்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மனைவியுடன் வந்து சேருகிறார் என்று கொள்ளலாம். வயது அறுபத்து நான்கு. காலையில் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை; இரவில் இரு கண்களிலும் சொட்டு மருந்து. ஐந்தாண்டுப் பழக்கமாகிவிட்டதால் சொட்டு மருந்தை அவர் ஒரு நோயின் அடையாளமாகவே நினைப்பதில்லை. போதாக்குறைக்கு முன்வரிசையில் அவருடைய பழைய மாணவர்கள் இருவர் பாய் விரித்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எதிரில் நோய்ப் பட்டியல் எழுதுவதா? கோடு இழுத்துவிடுகிறார். சில வாரங்கள் கழித்து வகுப்பு சர்வாங்காசனத்துக்கு வருகிறது. தோள்களைத் தரையில் ஊன்றிக் கால்களை மேலே உயர்த்தும் அந்நிலையில் அவரும் எப்படியோ நின்றுவிடுகிறார். மாணவர்கள் கைதட்டுகிறார்கள்.

அவருக்கு உள்ளது கிளாக்கோமா. பெரும்பாலும் கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து, அதனால் பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலியும் நோய் அது. தலை தாழ்ந்து உடல் மேலெழும் நிலைகளில் அந்த அழுத்தம் உயரும். சிரசாசனத்தில் அது மிகுதி. கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் எளிய நிலையில்கூட உயரவே செய்யும். சொட்டு மருந்து எதைத் தாழ்த்தி வைக்கப் பாடுபடுகிறதோ, அதை நாள்தோறும் சில நிமிடம் உயர்த்திக்கொண்டிருக்கிறார் தலைமையாசிரியர். வலி தோன்றினாலாவது நிறுத்துவார். இந்நோயோ பெரும்பாலும் வலியின்றியே முன்னேறும். போன பார்வை திரும்புவதும் இல்லை. ஆசிரியர்மேல் பழி சொல்ல வழியில்லை. அவர் கேட்டார்; விடையாக ஒரு கோடு கிடைத்தது.

கடனை மறைத்து எழுதிய ஐந்தொகையை வைத்துக்கொண்டு எவ்வளவு திறமையான தணிக்கையாளரும் ஒன்றும் செய்துவிட முடியாது. ஆகவே அந்த ஒரு வரியை நிரப்ப முதல் நாள் மாலையே வீட்டில் அமர்ந்து யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களைத் தாளில் குறித்து எடுத்துச் செல்லலாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் அதைச் சொல்லவேண்டும். முதுகை வளைத்து ஆழக் குனிவதால் அவர்களுடைய முதுகெலும்புக் கணுக்கள் நொறுங்கும் ஆபத்து உண்டு. மாதவிடாய் நின்ற பெண்கள் பலருக்கு இக்குறை இருப்பது தெரியாமலே இருந்துவிடுகிறது. குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் வயிற்றை வேகமாக உள்ளிழுத்து மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதி ஆகாது. முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவரை வஜ்ராசனத்தில் அமரச் சொல்லலாகாது. கழுத்தெலும்புத் தேய்மானம், படுத்து எழும்போது தலைசுற்றல், இதயத்தில் ஸ்டென்ட், காது கேளாமை ஆகிய அனைத்தும் ஆசிரியர் அறிந்திருக்கவேண்டியவை. ஆண் ஆசிரியரிடம் கருப்பை அறுவையைப் பற்றிச் சொல்லக் கூசும் பெண்கள் அதைத் தாளில் எழுதி மடித்துக் கொடுக்கலாம். அவ்வளவில் காரியம் முடிந்துவிடும்.

கோயிலுக்குச் செல்பவர்களிடம் இன்னொரு பரிசோதனை முடிவும் ஆயத்தமாகவே இருக்கிறது. பிள்ளையார் சந்நிதியில் தோப்புக்கரணம் போடுகையில் எத்தனையாவதில் முழங்கால் மறுக்கிறது, கொடிமரத்தடியில் விழுந்து வணங்கிய பின் எழுவதற்கு எதைப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அன்னதானப் பந்தியில் சம்மணமிட்டால் எந்தக் கால் முதலில் மரத்துப்போகிறது என்பவற்றை அவரவர் அறிவர். பெரிய மருத்துவ அறிக்கையைவிட இந்தத் தகவல்கள் ஆசிரியருக்குப் பயன்படும்.

இதய நோயோ, அண்மையில் அறுவையோ, வேறு பெரிய சிகிச்சையோ இருப்பின் மருத்துவரைக் கேட்டுக்கொண்ட பிறகே சேரவேண்டும். கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "யோகா செய்யலாமா, டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால், "ஓ, தாராளமாக" என்ற பொதுவான பதிலே வரும். வெளியே முப்பது பேர் காத்திருக்கையில் அவர்தாம் என்ன செய்வார்? "தலையைத் தாழ்த்தலாமா? மூச்சை அடக்கலாமா? தரையில் மண்டியிடலாமா?" என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

ஆசிரியரைத் தேர்வதற்கும் ஒரு காலைப்பொழுதைச் செலவிடலாம். சேருவதற்கு முன் ஒருநாள் சென்று, ஓர் ஓரமாக அமர்ந்து, நடக்கும் வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்பதில் தவறில்லை. ஆசிரியர் மேடையில் தாம் செய்து காட்டிக்கொண்டே இருக்கிறாரா, அல்லது இறங்கி வந்து ஒவ்வொருவராகப் பார்க்கிறாரா? முடியாதவருக்கு மாற்று நிலை ஒன்றைச் சொல்லித் தருகிறாரா, அல்லது 'முயற்சி திருவினையாக்கும்' என்று முதுகை அழுத்துகிறாரா? எதையும் விசாரிக்காமல் கட்டணத்தை மட்டும் பெற்றுக்கொள்பவரிடமிருந்து விலகிவிடுவதே உத்தமம்.

இக்கால யோகாசனப் பயிற்சி உலகெங்கும் பரவியதில் திருமலை கிருஷ்ணமாசாரியாருக்குப் பெரும் பங்குண்டு. 1888-இல் பிறந்தவர், மைசூர் மன்னரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர், 1952-இல் சென்னைக்கு வந்து, 1989-இல் நூறு வயதைக் கடந்து மறையும்வரை இங்கேயே கற்பித்தவர். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், மகன் தேசிகாசார் மூவரும் அவரிடம் பயின்றவர்களே. மூவர் கற்பித்த முறையும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஆளுக்குத் தக்கபடி யோகத்தைப் பொருத்தவேண்டுமேயன்றி, யோகத்துக்காக ஆளை மாற்றி வளைக்கக்கூடாது என்பது கிருஷ்ணமாசாரியாரின் பிற்கால வழி. தேசிகாசார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாசாரியார் யோக மந்திரத்தில் ஒருவருக்கு ஓர் ஆசிரியராகத் தனித்தனியே கற்பிக்கும் வழக்கம் இதன் தொடர்ச்சி. ஐயங்காரோ சிறுவயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று அடுக்கடுக்காக வந்த நோய்களால் மெலிந்து, வளையாத உடம்போடு தொடங்கியவர். கட்டை, வார், நாற்காலி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு முதியோரும் நோயாளரும் ஆசனம் பயில வழி வகுத்தவரும் அவரே. நாற்காலியில் அமர்ந்து பயில்வது இரண்டாந்தரம் என்று எண்ணி வீட்டோடு இருந்துவிடுகிறவர்களுக்கு இது தெரியவேண்டும்.

இனி வயிறு. முழு உணவு உண்டால் மூன்று, நான்கு மணி நேரமாவது கழியவேண்டும். காலை வகுப்பென்றால் தண்ணீர் அருந்திவிட்டுச் செல்வது போதும். காப்பி இல்லாமல் கண் திறக்காது என்பவர்கள் அரை டம்ளர், அதுவும் அரைமணி முன்னதாக. மார்கழியில்தான் சிக்கல் முளைக்கும். விடியற்காலைத் தரிசனம் முடிந்து கையில் விழும் வெண்பொங்கல், நெய்யும் முந்திரியுமாக மணக்கிறது. பிரசாதத்தை மறுக்கக்கூடாது, அதை உண்டுவிட்டு நேரே போய்ப் பாயில் குனியவும் கூடாது. தொன்னையை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வகுப்பு முடிந்ததும் உண்டால் இரண்டுக்கும் மரியாதை செய்ததாகும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வெறும் வயிற்று விதி அப்படியே பொருந்தாது. இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு ஒன்றும் உண்ணாமல் பயிற்சியில் இறங்கினால் கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரக்கூடும். எதை, எப்போது உண்டுவிட்டுச் செல்லலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்கவேண்டும். வகுப்பு இருக்கிறதே என்று இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே தள்ளிப்போடுவதும் ஆகாது. ஏகாதசியன்று தண்ணீரும் அருந்தாமல் விரதமிருப்பவர்கள் அன்று வகுப்புக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். மிகையாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாதென்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்துக் கருத்து.

அதே அத்தியாயம் தருப்பைப்புல், மான்தோல், துணி என்று ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த இருக்கையைச் சொல்கிறது. இக்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்திருப்பது ரப்பர் பாய். மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் வீட்டு ஜமக்காளம் வழுக்கும். நின்று செய்யும் ஆசனங்களில் அது காலை வாரிவிடும். ஆகவே பாய் ஒன்று தேவைதான். ஆனால் விலையுயர்ந்த பாய், அதற்கோர் உறை, அதன் நிறத்துக்கு இணையான உடை, எஃகுக் குடுவை என்று முதல் நாளுக்கு முன்பே ஆயிரக்கணக்கில் செலவிடுவது எதற்கு? அபரிக்கிரகம், அதாவது வேண்டாததைச் சேர்க்காமை, ஐந்து இயமங்களில் ஒன்று. முதல் வாரத்துக்குப் பாயை வகுப்பிலேயே இரவல் தருவார்கள். கொஞ்சம் பழகிய பின் வாங்கிக்கொள்ளலாம். தளர்ந்த பருத்தி உடை போதும். புடவையில் வந்து சிரமப்படும் மாமிமார்கள், மகளின் சுடிதார் ஒன்றைக் கேட்டு வாங்கி உடுத்தத் தயங்கவேண்டியதில்லை. தாலிச் சங்கிலியைக் கழற்றவேண்டாம், உடைக்குள் சேர்த்துக்கொண்டால் போதும். கண்ணாடி வளையல்கள் மட்டும் ஆபத்தானவை. கையூன்றுகையில் உடைந்து கிழிக்கும். கைப்பேசியை வாய்மூடச் செய்வதைச் சொல்லவும் வேண்டுமோ?

வகுப்பினுள் நுழைந்ததும் எங்கே அமர்வது? கூச்சமுள்ளவர்கள் கடைசி வரிசையை நாடுவர். ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பும் இடம் அது, புதியவருக்கு உகந்ததன்று. நடுவரிசையில், சுவரையொட்டிய இடம் நல்லது. தள்ளாடினால் கை வைக்கச் சுவர் இருக்கும்.

அஹிம்சை தன் வேலையைத் தொடங்குவது இங்கேதான். பக்கத்துப் பாயில் எழுபது வயது முதியவர் ஒருவர் எளிதாக மடங்கி நெற்றியை முழங்காலில் பதிப்பார். அவர் இருபதாண்டுகளாகச் செய்துவருபவராக இருக்கலாம். அது கண்ணில் பட்டவுடன் புதியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு அங்குலம் எட்டிப் பார்ப்பார். தொடையின் பின்தசை பிடித்துக்கொள்வதும், இடுப்பு சுளுக்கிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த இரண்டு அங்குலத்தில்தான். எங்கே நிறுத்துவதென்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். மூச்சு சீராக வந்துபோகும்வரை அந்நிலை உடம்புக்கு இசைந்தது. மூச்சு தடைப்பட்டாலோ, முகம் சுளித்தாலோ, பல்லைக் கடிக்கத் தோன்றினாலோ சிறிது பின்வாங்கவேண்டும். இழுவை உணர்ச்சி இருக்கலாம். மூட்டில் குத்தலோ, காலில் மின்னல்போல் இறங்கும் வலியோ இருக்கலாகாது. அவ்வாறு நேர்ந்தால் ஆசனத்தைக் கலைத்துவிட்டு ஆசிரியரை அழைக்கலாம். திருமூலர் பெயர் சொல்லிக் கூறும் ஆசனங்களுள் சுகாசனமும் ஒன்று. சம்மணமிட்டு நிமிர்ந்து அமரும் அதை மட்டுமே முதல் நாள் சரியாகச் செய்துவிட்டு வந்தாலும் குறைவில்லை. முழங்கால்கள் உயர்ந்து நின்றால், மடித்த போர்வை ஒன்றை ஆசனப் பகுதிக்குக் கீழே வைத்து இடுப்பை உயர்த்திக்கொள்ளலாம். முதுகு தானே நிமிரும்.

மூச்சுப்பயிற்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டியிருக்கிறது. இவ்விதழ் போன்றவற்றின் வாசகர்கள் திருமந்திரம் படிப்பவர்கள். பூரகத்துக்குப் பதினாறு மாத்திரை, கும்பகத்துக்கு அறுபத்து நான்கு, இரேசகத்துக்கு முப்பத்திரண்டு என்ற கணக்கு அதில் வருகிறது. அதைப் படித்த ஊக்கத்தில் கைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அது குருவின் அருகிலிருந்து ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்குரிய அளவு. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை நெடுநேரம் அடக்குவது தீங்காக முடியும். சந்தியாவந்தனத்தில் நாள்தோறும் பிராணாயாமம் செய்பவர்களும் அதே பழக்கத்தில் வகுப்பில் நீட்டிக்க முயலவேண்டாம். முதல் வகுப்பில் மூச்சை அடக்கச் சொல்லும் ஆசிரியரிடம், 'நான் வெறுமனே இழுத்து விடுகிறேன்' என்று பணிவோடு சொல்லிவிடலாம்.

வகுப்பின் இறுதியில் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். சவாசனம் என்ற பெயரை விடியற்காலையில் வாயால் சொல்லவும் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதுண்டு. அது கருதியே அதைச் சாந்தியாசனம் என்று அழைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் அதைத் தவிர்த்துவிட்டு, பால்காரர் வந்திருப்பாரே என்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது சரியன்று. ஐந்து நிமிடமேனும் கிடக்கவேண்டும். குறட்டை வந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் நாள் பலருக்கும் வருவதே. எழும்போதுதான் கவனம் தேவை. ஒருக்களித்துத் திரும்பி, கையூன்றி அமர்ந்து, சில மூச்சுகள் கழித்து எழவேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்கள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்.

மறுநாள் காலை தொடையிலும் தோளிலும் சிறு வலி தெரியும். இதுவரை வேலை வைக்கப்படாத தசைகள் அவை. இரண்டு மூன்று நாள்களில் அடங்கும். வெந்நீரில் குளித்தால் இதமாக இருக்கும். மூட்டிலோ முதுகுத்தண்டிலோ வலித்தால் அது வேறு. மறு வகுப்பில் பாய் விரிப்பதற்கு முன்பே ஆசிரியரிடம் சென்று, எந்த ஆசனத்தில், எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது என்று சொல்லிவிடவேண்டும். முதல் நாள் படிவத்தில் எழுத விட்டுப்போனது ஏதேனும் இரவில் நினைவுக்கு வந்திருந்தால், அதையும் அப்போதே சேர்த்து எழுதிக்கொடுத்துவிடலாம்.